அரை மில்லி பித்தளை

ஜூலை 3, திங்கள்

ஒரு வாரத்துக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. விடுமுறை என்று நான் சொல்கிறேன். தற்காலிக நீக்கம் என்று தலைமையாசிரியர் கடிதம் சொல்கிறது. நான் என்ன கறையா, நீக்குவதற்கு?

நடந்தது இவ்வளவுதான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை முடியும்போது ஊதுகிற சங்கை ஃபோனில் பதிவு செய்து, மதியம் இரண்டேகாலுக்குப் பள்ளி ஒலிபெருக்கியில் போட்டேன். பொன்மலையில் சங்கு ஊதினால் யாரும் மணி பார்ப்பதில்லை, எழுந்து நடந்துவிடுவார்கள். எண்ணூறு பேர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். கணக்கு சாரும் வந்தார், ஹெல்மெட்டோடு.

அம்மா என் ஃபோனை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தபால் ஆபீசுக்கே எடுத்துப் போய்விட்டாள். அதனால்தான் இந்த டைரி. அப்பாவுக்கு வருஷா வருஷம் யூனியனில் கொடுப்பது. ஃபோன் பறிபோனால் பேனா. பேனாவுக்கு சார்ஜ் ஏற்ற வேண்டாம்.

அப்பா திட்டவில்லை. அதுதான் உதைக்கிறது. அப்பா ஒர்க்‌ஷாப்பில் டர்னர். லேத்தில் இரும்பையும் பித்தளையையும் கடைகிறவர், என்னையும் சேர்த்துக் கடைவார். இன்று சாயங்காலம் வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடிதத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை.

பிறகு அம்மாவிடம் சொன்னார். நெவில் அங்கிளுக்கு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள். பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை. கேன்சர், குரல்வளையை முழுசாக எடுத்துவிடுவார்களாம்.

 

ஜூலை 4, செவ்வாய்

நெவில் ரெபைரோ, ஓய்வுபெற்ற கூட்ஸ் வண்டி கார்டு, வயது அறுபத்திரண்டு. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மனைவி இல்லை. மகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறார். அப்பர் பெர்த்தா லோயர் பெர்த்தா என்று நான் கேட்பது வழக்கம். அவர் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரிப்பார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

இன்று நான் கஞ்சி கொண்டுபோனேன். இந்த வாரம் முழுக்க அது என் டியூட்டி. தொண்டைக்குச் செய்யும் தொண்டு. அவர் பேசினால் உப்புத்தாள் தேய்ப்பது மாதிரி இருக்கிறது.

அவரும் அப்பாவும் ஒரு பேண்டில் இருந்தார்கள். எண்பத்தைந்தில் தொடங்கியது. ஊர் பெயரே இங்கிலீஷில் கோல்டன் ராக், இங்கே ராக் பேண்ட் இல்லாவிட்டால்தான் தப்பு. பெயர் 'லூஸ் கப்ளிங்ஸ்', தளர்ந்த பெட்டி இணைப்புகள். அங்கிள் பாட்டு, அப்பா கிட்டார், கமால் மாமா டிரம்ஸ், சேவியர் அங்கிள் பேஸ் கிட்டார். சேவியர் அங்கிள் கொரோனாவில் போய்விட்டார். கமால் மாமா இப்போது சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம், எல்லாவற்றுக்கும் ஒரே மைக் செட்.

சனிக்கிழமை தோறும் ரயில்வே இன்ஸ்டிடியூட் ஹாலில் டான்ஸ். மரத்தரை. ஃபிராக் போட்ட பெண்கள். வெளிநாட்டுப் பாட்டுகளை அப்படியே இறக்கிவைப்பார்களாம். நெவில் அங்கிள் கடைசிப் பாட்டின் உச்சியைப் பிடிக்கும்போது டான்ஸ் ஆடுகிறவர்கள் ஆடாமல் நின்றுவிடுவார்களாம். இதைச் சொன்னது கமால் மாமா. அப்பா இந்தக் கதைகளைச் சொல்வதே இல்லை.

அங்கிள் இன்று ஒன்று கேட்டார். ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு, பதினாறாம் தேதி, அதே ஹாலில் ஒரு தடவை பாட வேண்டுமாம். மூன்று பாட்டு போதுமாம். அப்பாவிடம் சொல்லச் சொன்னார்.

சொன்னேன். அப்பா சரி என்றார். சொல்லும்போது முகம் பல் டாக்டரிடம் போகச் சம்மதித்தவர் மாதிரி இருந்தது.

ஜூலை 5, புதன்

எனக்கு ஒரு யோசனை. பரணில் அந்தக் காலத்து டேப் டெக் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய கேசட். அதில் இவர்களே பாடிப் பதிவு செய்த பயிற்சி கேசட்டும் உண்டு. இருபத்தாறு வயது நெவில் அங்கிளின் குரலை எடுத்து அப்பாவின் ஃபோனில் ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை ஹாலில் திடீரென்று போட்டுவிட வேண்டும். இது குறும்பு அல்ல. குறும்பின் நல்ல தங்கச்சி.

பெல்ட் இளகிப் போயிருந்தது. கமால் மாமா கடைக்குப் போய்ப் புதுசு வாங்கி மாட்டிவிட்டேன். ஓடுகிறது.

அந்தக் குரல். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 7, வெள்ளி

நாளைக்கு என்று எழுதிவிட்டு மறந்துவிட்டேன். மறக்கவில்லை. அந்தக் கடைசிப் பாட்டின் உச்சியில் அங்கிளின் குரல் கிழியப் போகிறது என்று தோன்றும், ஆனால் கிழியாது. 

விஷயம் வேறு. அம்மா ஆபீசுக்கும் அப்பா குளிக்கவும் போன நேரம், அப்பாவின் ஃபோனில் அந்தப் பாட்டின் ஒரிஜினலைப் போட்டு, டெக்கில் அங்கிளையும் ஓடவிட்டேன். டூயட் செய்யலாமே என்று. இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள். அங்கிள் சுருதி அரைக்கட்டை கூட. பாட்டும் கொஞ்சம் வேகம்.

மூன்று பாட்டு பார்த்தேன். எல்லாம் அதே அரைக்கட்டை. பிறகு டப்பாவிலிருந்து கடையில் விற்ற ஒரிஜினல் கேசட்டை எடுத்து இதே டெக்கில் போட்டேன். அது அங்கிளோடு ஒத்துப்போகிறது, ஃபோனோடு முட்டுகிறது. ஆக, தப்பு மனிதர்களிடம் இல்லை. டெக் வேகமாக ஓடுகிறது. ஒரிஜினலை அதில் போட்டுத்தான் இவர்கள் பாட்டு கற்றுக்கொண்டிருக்கிறார்கள். வேகமாக ஓடும் டெக்குக்குச் சரியாக சுருதி சேர்த்து, சரியாகவே தப்பாகப் பாடியிருக்கிறார்கள்.

சாயங்காலம் கமால் மாமா டீ குடிக்க வந்தார். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று அப்பா, மாமா இருவர் முன்னாலும் டெக்கையும் ஃபோனையும் வைத்து நிரூபித்துக் காட்டினேன். லூஸ் கப்ளிங்ஸ் இல்லை, நட்டே லூஸ் என்றேன்.

கமால் மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. சர்ச்சில் ஆர்கன் வாசித்த கிழவர் ஒருத்தர் அப்போதே சொன்னாராம், உங்கள் கிட்டார் எல்லாம் ஏறிக் கிடக்கிறது என்று. கிழவருக்குக் காது போய்விட்டது என்று இவர்கள் சிரித்தார்களாம். கம்பி வாரத்துக்கு இரண்டு அறுந்ததே, அதற்கு இதுதான் காரணமா என்று கேட்டார்.

அப்பா சிரிக்கவில்லை. பெல்ட் புதுசு, அதனால்தான் வேகம் என்று சொன்னார். புது பெல்ட்டைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அப்பா பொய் சொல்லும்போது காதைத் தொடுவார் என்று தெரியும்.

மாமா போனதும் என்னிடம் வந்தார். "நிரு, இதை நெவில் அங்கிள்கிட்ட மட்டும் சொல்லாதம்மா" என்றார்.

அம்மா என்று அழைத்தார். பதினாறு வருடத்தில் நான் செய்த எந்தக் குறும்புக்கும் அவர் அப்படிக் கெஞ்சியதில்லை.

ஜூலை 8, சனி

இன்று அப்பா தானாகவே சொன்னார். மாடியில் துணி காயப்போடும்போது. கிளிப்பை ஒவ்வொன்றாக நான் கொடுக்க, அவர் கொடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

எண்பத்தைந்தில் டெக்கின் மோட்டாரில் இருக்கும் சின்னப் புல்லி உடைந்துவிட்டது. பெல்ட்டைச் சுழற்றுகிற சக்கரம், சுண்டுவிரல் நுனி அளவு. கடையில் கிடைக்கவில்லை. அப்பா அப்போது ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸ், பத்தொன்பது வயது. பித்தளைத் துண்டு ஒன்றை லேத்தில் மாட்டி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு புல்லி கடைந்தார். உடைந்த துண்டுகளைச் சேர்த்துவைத்துக் கண்ணால் அளவு பார்த்தார். டெக் ஓடியது. எல்லோரும் அவரைத் தோளில் தூக்கினார்கள். நெவில் அங்கிள் அப்பாவைக் காட்டி, தனபால்தான் பேண்டுக்கு உயிர் கொடுத்தவன் என்றாராம்.

அடுத்த வருடம் பெங்களூரில் ஒரு வெளிநாட்டு பேண்ட் வந்தது. நாலு பேரும் ரயிலேறினார்கள். பெரிய மைதானம், மழை, முழங்கால் வரை சேறு. முதல் அடி விழுந்ததும் கமால் மாமா தன் நெஞ்செலும்பில் கை வைத்து, உள்ளே யாரோ தட்டுகிறார்கள் என்றாராம். அப்பாவுக்கு அதைவிட ஆச்சரியம், இத்தனை பெரிய பெட்டிகள் ஒன்றுகூட உறுமவில்லை. இவர்களுடையது பாட்டு இல்லாதபோதும் உறுமிக்கொண்டே இருக்குமாம்.

கடைசியில் அந்தப் பாட்டு வந்தது. இவர்கள் சனிக்கிழமை தோறும் முடிக்கும் அதே பாட்டு. நெவில் அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு தன் சுருதியில் கூடவே பாடினார். அது மேடையோடு சேரவில்லை. பாதியில் நிறுத்தி, அப்பாவின் கழுத்தை வளைத்துக் காதில் கத்தினாராம். "இறக்கிட்டான் மேன். அவன் பாட்ட அவனே இறக்கிப் பாடுறான். நான் இறக்கல பாத்தியா." மழையில் நனைந்து அவர் அழுதுகொண்டிருந்தார், சந்தோஷத்தில்.

அப்பாவுக்கு அங்கேயே சந்தேகம். திரும்பி வந்த மறுநாள் டெக்கைப் பிரித்து, புல்லியை வெர்னியர் அளவுகோலில் வைத்து அளந்தார். அதே மாதிரி டெக் வைத்திருந்த வேறொருவரிடம் போய் அதையும் அளந்தார். ஏழு மில்லிமீட்டர் இருக்க வேண்டியது, ஏழரை.

"அரை மில்லிதானேப்பா" என்றேன்.

"நான் டர்னரும்மா" என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்த வாரம் சொல்லியிருக்கலாம் என்றார். ஆனால் அதற்குள் நெவில் அங்கிள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார், பெங்களூரில் அவனே இறக்கிப் பாடினான், நான் இறக்கவில்லை என்று. ஹாலில் அவரை அறிமுகப்படுத்துவதே அப்படித்தான். ஒரு சனிக்கிழமை தள்ளிப்போட்டார். அடுத்த சனிக்கிழமை இன்னும் கஷ்டமாக இருந்தது. மூன்று வருடம் தள்ளிப்போட்டார்.

எண்பத்தொன்பது கிறிஸ்துமஸ் டான்ஸில், அந்தப் பாட்டின் உச்சியில், நெவில் அங்கிளின் குரல் நின்றுபோனது. கைக்குட்டையில் ரத்தம். தாங்க முடியாத உயரத்தில் வருடக்கணக்காகக் கத்தியதால் குரல்நாண் காய்த்துவிட்டது என்றார் டாக்டர். பேண்ட் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு அங்கிள் அந்தப் பாட்டுகளைக் கேட்பதே இல்லை. எங்கேயாவது ஒலித்தால் எழுந்து போய்விடுவார்.

"இப்ப வந்திருக்கறது சிகரெட்டாலதான்னு டாக்டர் சொல்றார்ல" என்றேன்.

அப்பா கடைசிக் கிளிப்பை வாங்கி, ஏற்கெனவே மாட்டியிருந்த சட்டையிலேயே இன்னொரு தடவை மாட்டினார்.

ஜூலை 10, திங்கள்

பள்ளி திறந்துகொண்டது எனக்காக. கணக்கு சார் என்னைப் பார்த்ததும் மணி பார்த்தார். சிரிப்பு வந்தது, முழுசாக வரவில்லை.

கஞ்சி டியூட்டி இப்போது சாயங்காலம். அங்கிள் பாட்டு வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். உங்கப்பன் மூஞ்சி ஏன் தொங்கிக் கிடக்கு மிஸ்ஸி என்று கேட்டார். புவியீர்ப்பு என்றேன். அவர் சிரித்தபோது இருமல் வந்து, இருமல் நிற்க நேரமாயிற்று. தண்ணீர் கொடுத்தேன்.

எனக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ள வராது. வாந்தியும் சரி, வம்பும் சரி. இன்று வீட்டுக்கு நடக்கும் வரை உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 13, வியாழன்

இன்று அங்கிள் வீட்டில் ஒத்திகை. கமால் மாமா ஒரு ஸ்டூலைத் தட்டினார். அப்பா கிட்டாரை டெக்கின் பழைய சுருதிக்கே ஏற்றிக் கட்டியிருந்தார். கம்பி ஒன்று தெறித்தது.

முதல் பாட்டு எப்படியோ போனது. இரண்டாவதில் அங்கிள் திணறினார். அந்தக் கடைசிப் பாட்டில் உச்சி வருவதற்கு முன்பே குரல் காற்றாகிவிட்டது. வாய் திறந்திருந்தது, ஒன்றும் வரவில்லை. மூன்று தடவை முயன்றார். மூன்றாவது தடவை நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே ஒரு பூனை போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கமால் மாமா மெதுவாகக் கேட்டார், கொஞ்சம் இறக்கிக்கலாமா என்று.

"என் லைஃப்ல ஒரு தடவகூட இறக்கிப் பாடினதில்ல மேன்" என்றார் அங்கிள். "பெங்களூர்ல அவனே இறக்கினான். நான் இறக்கல. என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். கடைசியா பாடறப்ப அதையும் குடுத்துட்டுப் போகச் சொல்றியா?"

பாட முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள் என்றார்.

அப்பாவின் கை கிட்டார் முறுக்காணியில் இருந்தது. ஒரு திருகு. யாருக்கும் தெரியாமல் ஆறு கம்பியையும் இறக்கிவிட முடியும். இறக்கினால் சுருதி மாறியது அங்கிளுக்குத் தொண்டையில் தெரிந்துவிடும். ஏன் இறக்கினாய் என்று கேட்பார். அப்பா கையை எடுத்துவிட்டார்.

ஜூலை 14, வெள்ளி

காலையில் அப்பா ஷேவ் செய்துகொண்டிருந்தபோது போய் நின்றேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனால் ஒரே வரிதான் வந்தது.

"அவர் பாடாம போயிடுவார்ப்பா. புதன்கிழமைக்கு அப்புறம் நீங்க சொன்னாலும் அவரால பதில் சொல்ல முடியாது."

முகத்தில் பாதி நுரையோடு அப்பா என்னைக் கண்ணாடியில் பார்த்தார். சொன்னால் இருக்கிற ஒன்றும் போய்விடுமே அவனுக்கு என்றார். முப்பத்தேழு வருடமாக அதைச் சொல்லித்தான் அவன் நிமிர்ந்து நடக்கிறான் என்றார்.

நான் நினைத்தது, அப்பா தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மறைக்கிறார் என்று. பாதி அதுவும்தான். மீதிப் பாதியை இன்றுதான் பார்த்தேன்.

ஒர்க்‌ஷாப் போகும் முன் டெக்கைப் பரணிலிருந்து இறக்கி, திருப்புளியைக் கேட்டார்.

ஜூலை 15, சனி

அங்கிள் வீட்டுக்கு அப்பா என்னையும் வரச் சொன்னார். தன் ஃபோனை எடுத்துக்கொள் என்றார்.

அங்கிள் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அப்பா உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து அந்தப் புல்லியை எடுத்து அங்கிள் உள்ளங்கையில் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். என்னிடம் மாடியில் சொன்னதைவிடச் சின்னதாகச் சொன்னார். அங்கிளின் கண்கள் புல்லியிலேயே இருந்தன.

"எவ்வளவு கூட?"

"அரை மில்லி."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பெங்களூர் போயிட்டு வந்த மறுநாள்."

"அதுக்கப்புறம் நான் மூணு வருஷம் பாடினேன்."

"ஆமா."

"ஒவ்வொரு சனிக்கிழமையும்."

"ஆமா நெவிலு."

வெளியே ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. அது தெருமுனை திரும்பும் வரை அங்கிள் புல்லியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

மிஸ்ஸி, அந்தப் பாட்டைப் போடு என்றார் அங்கிள். முப்பத்துச் சொச்சம் வருடமாக அவர் கேட்காத பாட்டு. போட்டேன். இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

முதலில் கேட்டார். இரண்டாவது பத்தியில் முணுமுணுத்தார். உச்சி நெருங்கியது. அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை, கழுத்து புடைக்கவில்லை. அந்தச் சிதைந்த தொண்டையோடு, படியில் ஒரு அடி எடுத்துவைப்பதுபோல அங்கே போய் நின்றார். நின்றுவிட்டு இறங்கி வந்தார்.

பாட்டு முடிந்தது.

"இவ்வளவுதானா மேன்?" என்றார்.

அங்கிள் புல்லியை உள்ளங்கையில் மூடினார்.

"நான் அறுபது வயசுவரைக்கும் பாடியிருப்பேனே."

அப்பாவின் முதுகைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்கும் முகம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

போ என்றார் அங்கிள். கத்தவில்லை. போ தனபால், நான் உக்காந்திருக்கணும். அவர் அப்பாவைப் பெயர் சொல்லி நான் கேட்டதே இல்லை, எப்போதும் மேன்தான்.

ஜூலை 16, ஞாயிறு

பத்து மணிக்கே ஹால் நிறைந்துவிட்டது. வாரச்சந்தைக்கு வந்தவர்கள் காய்கறிப் பையோடு நின்றார்கள். பழைய சனிக்கிழமைக் கூட்டத்தில் மிச்சமிருந்தவர்கள் முன்வரிசையில். சேவியர் அங்கிள் நின்று வாசிக்கும் இடத்தில் கமால் மாமா எதையும் வைக்கவிடவில்லை, ஒயர்கூடப் போகக்கூடாது என்றார்.

அங்கிள் வருவாரா என்று தெரியாது. அப்பா கிட்டாரைப் பழைய உயரத்திலேயே கட்டி வைத்திருந்தார். ஏன்ப்பா என்றேன். அது அவன் முடிவு என்றார்.

பத்தே முக்காலுக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மேடை ஏறினார், அப்பா பக்கம் பார்க்கவில்லை. மைக்கைத் தன் உயரத்துக்குச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"கம்பிய இறக்கு."

மைக் வழியாகச் சொன்னதால் ஹால் முழுக்கக் கேட்டது. இறக்கிப் பாடாத நெவில் ரெபைரோ. முன்வரிசையில் ஒரு தாத்தா பக்கத்திலிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். அப்பா எல்லோர் முன்னாலும் ஒவ்வொரு கம்பியாக இறக்கினார். அதற்கு எடுத்த நேரம் பாட்டைவிட நீளம்.

மூன்று பாட்டு. குரல் பழைய கேசட்டில் கேட்ட குரல் இல்லை. கரகரத்தது, சில இடத்தில் தேய்ந்தது. ஆனால் கத்தவே இல்லை. கேசட்டில் இருந்தவர் ஒரு மலையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். இவர் வெறுமனே பாடினார். வார்த்தைகளின் அர்த்தம் எனக்கு இன்றுதான் காதில் விழுந்தது. கடைசிப் பாட்டின் உச்சியில் அவர் கண்ணை மூடவில்லை, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்கறிப் பையைத் தரையில் வைத்துவிட்டு ஒரு அக்கா அழுதார். எனக்கு மின்விசிறித் தூசி கண்ணில் விழுந்தது.

முடிந்ததும் கமால் மாமாவைக் கட்டிக்கொண்டார். என் தலையில் கைவைத்தார். அப்பா கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி இறங்கிப் போனார்.

பழைய குரலை ஃபோனில் போடும் என் திட்டத்தை நான் நிறைவேற்றவில்லை. பதிவு செய்திருந்ததை அழித்தும்விட்டேன்.

ஜூலை 17, திங்கள்

அப்பா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அங்கிள் வீட்டுக் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டதாம்.

கஞ்சியை என்னிடமிருந்து ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டார். பெர்த் ஜோக்கைச் சொன்னேன். சிரித்தார். என்மேல் கோபம் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஜூலை 18, செவ்வாய்

அங்கிளை அட்மிட் செய்துவிட்டார்கள். கமால் மாமாவோடு ஆட்டோவில் போனார். அப்பாவைக் கூப்பிடவில்லை.

ஜூலை 19, புதன்

அப்பா லீவு போட்டார். நானும் போட்டேன், கேட்காமலே. அம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டு டிபன் டப்பா கட்டிக்கொடுத்தாள்.

அங்கிள் பார்க்க விரும்பமாட்டார் என்று அப்பாவுக்குத் தெரியும். அதனால் அறைக்குப் போகவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் வழியில், சுவரோரம் நின்றுகொண்டார். கடைசியாக ஒரு வார்த்தை சொல்வானா என்று நினைக்கிறேன் நிரு என்றார். மன்னிக்கிறேன்னு சொல்ல வேண்டாம், சும்மா ஏதாவது.

எட்டரைக்குத் தள்ளுகட்டில் வந்தது. பச்சைத் துணி, தலையில் தொப்பி. கமால் மாமா கூட நடந்தார். எங்களைத் தாண்டி இரண்டடி போனது. அங்கிள் கையைத் தூக்கினார். தள்ளுகிறவர் நிறுத்தினார்.

"இங்க வா மேன்."

அப்பா போனார்.

"நாளைலேர்ந்து உன்னைத் திட்டணும்னா எழுதித்தான் திட்டணும். என் ஸ்பெல்லிங் மோசம். அதனால இப்பவே கேட்டுக்க."

பிறகு திட்டினார்.

களவாணி என்று தொடங்கினார். கண்ணால அளவு பார்த்தானாம் கண்ணால, உன் கண்ணுல கரியள்ளிப் போட என்றார். அதற்குப் பிறகு வந்தவற்றை நான் இங்கே எழுத முடியாது. தமிழ் தீர்ந்ததும் இங்கிலீஷ். அதுவும் தீர்ந்ததும், கூடூர் பக்கம் கூட்ஸ் வண்டியில் போன காலத்தில் பிடித்த தெலுங்கு. அப்பாவின் லேத்தை, வெர்னியரை, ஏழரை மில்லிமீட்டரை, தள்ளிப்போட்ட ஒவ்வொரு சனிக்கிழமையையும் திட்டினார். கேன்சர் சிகரெட்டால வந்தது, அதுல உனக்குப் பங்கு கிடையாது, அதையும் சேத்து எடுத்துக்கிட்டு அழுவாத, என் பாட்டுக்கு மட்டும்தான் நீ பதில் சொல்லணும் என்றார். உப்புத்தாள் குரல் அந்தத் தாழ்வாரம் முழுக்க உரசியது. மருந்துத் தட்டோடு வந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

நர்ஸ் குறுக்கே வந்து, தொண்டையை அலட்டிக்காதீங்க சார் என்றார்.

"எதுக்கும்மா மிச்சம் பிடிக்கணும்?" என்றார் அங்கிள்.

அப்பா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார். ஒன்றைக்கூடத் தவறவிட்டுவிடக்கூடாது என்பதுபோல நெற்றியைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கிளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு நிமிடம் ஓய்வெடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கடைசியில் திட்டு தீர்ந்துபோனதா, குரல் தீர்ந்துபோனதா தெரியவில்லை. அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு போகலாம் என்று சைகை காட்டினார். கதவு மூடிக்கொண்டது.

ஐந்தரை மணி நேரம். நல்லபடியாக முடிந்தது, முழுசாக எடுத்துவிட்டோம் என்றார் டாக்டர். கண்ணாடி வழியாகப் பார்த்தோம். தூங்கிக்கொண்டிருந்தார். கமால் மாமா இருந்துகொள்கிறேன் என்றார்.

நாலு மணிக்கு டவுன் பஸ்ஸில் திரும்பினோம். உட்கார இடம் கிடைத்தது. அப்பா கைகளை மடியில் வைத்திருந்தார். பாலக்கரை தாண்டும்போது என்னைக் கேட்டார்.

"களவாணிக்கு அடுத்து என்ன சொன்னான்?"

சொன்னேன், காதோரம். கேட்கவில்லை என்றார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். முன்சீட்டு அம்மா திரும்பி என்னைப் பார்த்து, இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்பதுபோல முகத்தைச் சுளித்தார்.

"அதுக்கு அடுத்தது?"

அதையும் சொன்னேன். என் அப்பாவை, அவர் முகத்துக்கு நேராக, பஸ் முழுக்கக் கேட்கும்படி, ஒன்றுவிடாமல் வரிசையாகத் திட்டிக்கொண்டே வந்தேன். தெலுங்கில் ஒரு இடம் மறந்துவிட்டது, அப்பாவே எடுத்துக்கொடுத்தார். பொன்மலை வந்தது. எங்கள் நிறுத்தத்தில் நாங்கள் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.